இடது பக்கப் பின் ஸ்பீக்கர்

எனக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் சொன்னது டாக்டர் இல்லை. எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பெயர் ரிசீவர். படத்தின் சத்தத்தை வாங்கிப் பிரித்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் தரை அதிர ஒன்று என்று ஆறு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பி வைப்பது அதன் வேலை. அதை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே அடம்பிடித்து வாங்கினேன்.

அப்போது என் மகளுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை உறுதியாகி, விசாவும் வந்திருந்தது. ஒரே பெண். வேலூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்த களைப்போடு அந்த ஊர் பாஷையோடு மல்லுக்கட்டியவள். அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கும்போதும் வாய்க்குள் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவள் போவதில் எனக்குப் பெருமைதான். ஆனால் போவதற்குள் சில படங்களையாவது மூன்று பேரும் வீட்டிலேயே ஒன்றாக உட்கார்ந்து, தியேட்டர் மாதிரி பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. அந்த ஆசை அவள் பயணத்தையே கவிழ்க்கப் பார்க்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஆசைக்குப் பின்னால் எரிச்சலும் இருந்தது. கொஞ்ச காலமாகவே டிவியில் யார் பேசினாலும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போல் எனக்கு இருந்தது. பாட்டு வருகிறது, சண்டை வருகிறது, இடி இடிக்கிறது, பேச்சு மட்டும் வரவில்லை. தமிழில் எடுத்த படமென்றால் ஒருமாதிரி சமாளித்துவிடுவேன். தெலுங்கிலிருந்தோ இங்கிலீஷிலிருந்தோ டப்பிங் செய்த படமென்றால் ஒரு வார்த்தை பிடிபடாது. டப்பிங்காரர்களை வண்டை வண்டையாகத் திட்டுவேன். இந்தக் காலத்து ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்து இருக்கிறது, அதனால்தான் பேச்சு தெளிவாக இல்லை என்று ஒருவர் வீடியோவில் விளக்கியிருந்தார். அது எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அதே வீடியோவை மனைவிக்கும் போட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் ஊர் ஆம்பூரில் கேட்ட கடைகளில் எல்லாம் நீளக் கட்டையாக இருக்கும் சவுண்டுபாரைத்தான் காட்டினார்கள். ஒரே கட்டை, ஒரே வொயர், மாட்டினால் வேலை முடிந்தது என்றார்கள். எனக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். பஜாரில் ஒரு கடையின் மாடியில், சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய இருட்டு அறையில் எங்களை உட்கார வைத்துக் கார்கள் வெடிக்கும் காட்சியைப் போட்டார் கடைக்காரர். சோபா அதிர்ந்தது. மகள் வாட்ஸ், ஓம்ஸ், எத்தனை சேனல், டிவியிலிருந்து சத்தம் திரும்பி வரும் எச்டிஎம்ஐ உண்டா என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் கேட்டது ஒன்றுதான்.

"பேச்சு தெளிவா கேக்குமா?"

"சார், பேச்சுக்குன்னே நடுவுல தனி ஸ்பீக்கர். அதோட சத்தத்த மட்டும் தனியா ஏத்திக்கலாம். உங்க வீட்டு ஹால் எப்படி இருக்குதுன்னு இந்தப் பெட்டியே அளந்து பாத்துக்கும். மைக் கூடவே வருது."

"இது போதும்மா," என்றேன் மகளிடம். அவள் இதைவிடச் சின்னதே போதும் என்றாள். நான் கேட்கவில்லை. ஹாலை அளக்கும் பெட்டி என்பது என்னைப் பிடித்துக்கொண்டது. தோல் தொழிற்சாலையில் தோலின் கனம் அளக்கும் வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். அளக்கிற கருவி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

பெட்டிகள் வந்து இறங்கியதும் எங்கள் ஹால் கோடவுன் ஆனது. முன் ஸ்பீக்கர்கள் டிவிக்கு இரண்டு பக்கமும் நின்றன. நடு ஸ்பீக்கரை வைக்க, மனைவியின் ஷோகேஸ் பொம்மைகள் இடம் மாறின. வலது பக்கப் பின் ஸ்பீக்கர் பீரோ மேல் ஏறியது. இடது பக்கத்துக்கு இடமில்லை. சோபாவுக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்துப் பலகை வைத்தேன்.

"பொண்ணு ஊருக்குப் போற நேரத்துல எவனாவது செவுத்த ஓட்ட போடுவானா?" என்றாள் மனைவி.

"அவளுக்காகத்தான் போடுறேன்."

"அவ இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கப்போறா. இந்த டம்டம்மோட குந்தினு இருக்கப்போறது நானு."

வொயர் தோலை உரித்து, சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு முனை கறுப்பிலும் மாட்டுவது என் வேலை. எந்த ஸ்பீக்கர் எந்த ஓட்டை என்று போனில் படம் பார்த்துச் சொல்வது மகளின் வேலை. ஒரு முனை மாறினாலும் சத்தம் உள்வாங்கிவிடும் என்று அவள் மிரட்டிக்கொண்டே இருந்தாள். எங்களுக்குள் சிரிப்பும் சண்டையுமாக நன்றாகவே இருந்தது.

பிறகு மைக். குட்டி வடை அளவில் ஒரு கறுப்பு உருண்டை. நான் உட்காரும் இடத்தில், என் காது இருக்கும் உயரத்தில் அதை வைக்க வேண்டுமாம். மகள் சோபா மேல் தலையணை வைத்து, அதன்மேல் சப்பாத்திப் பலகை வைத்து, அதன்மேல் முறுக்கு டப்பாவைக் கவிழ்த்து உச்சியில் மைக்கை உட்கார வைத்தாள். வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது என்று டிவியில் எழுத்து வந்தது. ஃபேனை நிறுத்தினோம். ஃப்ரிட்ஜை நிறுத்தினோம். மூன்று பேரும் சுவரோரமாகப் போய் நின்றோம்.

"சரி, அழுத்து. சத்தமே இல்ல," என்றேன்.

"இருப்பா. பக்கத்து வீட்ல குக்கர் விசில் அடிக்குது."

எனக்கு விசில் கேட்கவில்லை. நம் வீட்டுச் சுவர் கெட்டிச் சுவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'டூம்' என்றும் 'உய்ங்' என்றும் ஊதிப் பார்த்தது. கடைசியில் ஆறுக்கும் தூரத்தைப் போட்டு, எல்லாம் சரி என்று காட்டியது. நான் மைக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மழை மாதிரி ஒரு இரைச்சலை விட்டு, உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒரே அளவில் வருகிறதா என்று பார்க்கும் வசதியும் அதில் இருந்தது. மகள் ரிமோட்டோடு எனக்குப் பின்னால் நின்றாள். முன் இடது வந்தது. நடு வந்தது. முன் வலது வந்தது. பின் வலது நன்றாக வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"இடது பின்னாடி போடு," என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். "போடு, போடு," என்றேன்.

அவள் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அதாம்ப்பா இப்ப ஓடுது."

"எங்க ஓடுது? வொயர் லூசு. ஏத்து."

ஏற்றினாள். எங்கோ சமையலறைக்கு அந்தப் பக்கம் மழை தூறுவது மாதிரி இருந்தது. "இன்னும் ஏத்து" என்றேன். பலகை மேல் ஏறி வொயரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அதுவும் போதாமல் பீரோ மேல் இருந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இங்கேயும், இதை அங்கேயும் மாற்றினேன். வேர்த்து ஊற்றியது. மறுபடியும் போய் உட்கார்ந்தேன். மறுபடியும் அதே தூறல்.

"கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். இன்னும் ஏத்து!"

ஏற்றியிருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூறல் பெரிதாகி, மற்ற ஸ்பீக்கர்களுக்குச் சமமாக வந்தது. "ஆங், இது கரெக்ட்டு. இத அப்படியே வை," என்று திருப்தியோடு திரும்பினேன். திரும்பியதும் அந்த ஸ்பீக்கர் என் வலது காதுக்கு நேராக வந்தது. கதவை உடைப்பது மாதிரி ஒரு பேரிரைச்சல் என் முகத்தில் அடித்தது. மனைவி இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மகள் ஒரு காதைத் தோளில் அழுத்தி, இன்னொன்றை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ரிமோட்டை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டு பாய் நின்றிருந்தார். காலிங் பெல்லை அழுத்தி அழுத்தி அலுத்துப்போய், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தார்.

மகள் இரைச்சலை நிறுத்தினாள்.

"இன்னாண்ணே, வீட்ல எதுனா வெடிச்சிட்ச்சா? பசங்க பயந்துட்டாங்க," என்றார் பாய்.

"புது செட்டு பாய். டெஸ்ட்டிங்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், காதைப் பொத்தியிருந்த இருவரையும் பார்த்தார், மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் சோபாவைச் சுற்றிவந்து, திரும்பி உட்கார்ந்து, மறுபடி நேராக உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பியது நான்தான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் என் இடது பக்கத்தில் இருப்பது ஊமையானது.

தொழிற்சாலையில் என் வேலை ஷேவிங் மெஷினில்; ஊறிய தோலை ஒரே கனத்துக்குச் சீவும் மெஷின் அது. அதன் பிளேடு உருளைக்கு இடது தோளைக் கொடுத்துத்தான் நான் இத்தனை வருஷம் நின்றேன். காது மூடி கொடுத்திருக்கிறார்கள். தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வரும் நாளில் மாட்டுவோம், மற்ற நாட்களில் அது கழுத்தில் கிடக்கும். மெஷின் ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். கனம் ஜாஸ்தி என்றால் விரலைக் கிள்ளிக் காட்டுவோம், டீக்குப் போகலாமா என்பதற்குப் புருவம் போதும்.

இதையெல்லாம் நான் நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே மகள் நினைத்துவிட்டாள். என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீ கேக்கலப்பா. பாக்குற. டப்பிங் படத்துல உதடு வேற, பேச்சு வேற. அதனாலதான் உனக்குப் புரியல. கொரோனால எல்லாரும் மாஸ்க் போட்டுனு இருந்தப்போ, ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறந்து பேச மாட்றான்னு எரிஞ்சி எரிஞ்சி விழுந்தியே, ஞாபகம் இருக்குதா?"

"உனக்கு இன்னாடி தெரியும்? ஒரு பொட்டி சொன்னா போதுமா? அது ரிப்பேர் பொட்டி. நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன்."

"பொட்டி கரெக்ட்டா இருக்குது," என்றாள் மனைவி. அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "எனக்கு முன்னாடியே தெரியும். உங்ககிட்ட இன்னா சொல்றதுன்னுதான் பேஜாரா இருந்துச்சி. அதான் தோள தொட்டுட்டு, நீங்க திரும்பினப்புறம் பேசுவேன்."

அதை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். இளம் வயதில் இல்லாத பழக்கமாக, சில வருஷங்களாக அவள் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசுவாள். வயது ஏற ஏற இவளுக்கு நம்மீது பாசம் கூடுகிறது என்று உள்ளுக்குள் ரொம்பப் பூரித்திருந்தேன். கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ரிமோட்டைப் பிடுங்கி சோபாவில் எறிந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன்.

அன்றைக்கு யாரும் படம் பார்க்கவில்லை. மறுநாள் காலை இட்லித் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்த மகள், "நான் போவலப்பா," என்றாள்.

உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அதனால் தப்பில்லாமல் புரிந்தது.

"பைத்தியமா உனக்கு?"

"அங்க போயி நான் போன் பண்ணா உனக்கு இன்னா கேக்கும்? நடுராத்திரில அம்மாக்கு எதுனா ஆனா, அம்மா கூப்ட்டா உனக்குக் கேக்குமா? ஹைவேஸ தாண்டி வண்டில வேலைக்குப் போற. பின்னாடி லாரி ஹாரன் அடிக்கிறான்னு எப்படித் தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஜெர்மன்காரனுக்கு வரேன்னு பதில் சொல்லு, போ."

"டெஸ்ட் எடு. காது பரவாயில்லன்னு ரிப்போர்ட் வரட்டும், போறேன். இல்லன்னா வேலூர்லயே இருந்துக்கிறேன்."

அவள் என்னைப் போலவே பிடிவாதக்காரி. அவள் அம்மாவை விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. ராத்திரி பகலாகப் படித்த படிப்பு என் இடது காதில் போய் விழுந்துவிடும் போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. காது போனதற்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. நமக்காக இவள் நின்றுவிட்டால் அதை எப்படிச் சுமப்பது என்றுதான் பயம். ஆனாலும் டெஸ்டுக்குச் சரி என்றேன். ஏனென்றால் காது டெஸ்டில் பாஸாவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

வேலூரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அழுத்த வேண்டும் என்றாள் டெஸ்ட் எடுக்கும் பெண். வெளியே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கை எனக்குத் தெரியாதபடி ஒரு தடுப்பு. அவளுக்குப் பக்கத்தில் என் மகள் நின்றாள்.

எங்கள் தொழிற்சாலைக்கு வருஷத்துக்கு ஒரு முறை இதே டெஸ்ட் ஒரு வேனில் வரும். காது மந்தம் என்று எழுதிவிட்டால் மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்குக்குப் போட்டுவிடுவார்கள், ஓவர்டைம் கிடைக்காது. அதனால் வேன் வாசலில் வரிசையில் நிற்பவன், உள்ளே சத்தம் விடும்போதெல்லாம் மெஷினில் எரியும் லைட்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவான். உள்ளே இருப்பவன் பட்டனை அழுத்துவான். அவன் வெளியே வந்ததும் அடுத்தவனுக்குச் சிமிட்டுவான். இதை நாங்கள் தப்பு என்றே நினைத்ததில்லை. ஒரு மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது மாதிரிதான் அது. ஷேவிங் செக்ஷனில் காது டெஸ்டில் தோற்றவர் ஒருவரும் கிடையாது.

வலது காதில் முதலில் சத்தம் விட்டார்கள். சிலது கேட்டது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் கேட்காமல் போனது. நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை லைட் எரியும்போதும் அவள் இமை லேசாக விரிந்தது. அப்பாவுக்கு இது கேட்க வேண்டுமே என்ற தவிப்பு அப்படியே முகத்தில் வந்தது. இமை விரிந்தது, அழுத்தினேன். மறுபடி விரிந்தது, அழுத்தினேன். டெஸ்ட் எடுக்கும் பெண் தலையாட்டிக்கொண்டே குறித்தாள். இடது காதுக்கு மாற்றினார்கள். காதில் பஞ்சடைத்தது மாதிரி இருந்தது. கவலைப்படாமல் மகளின் கண்ணையே பார்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். அவளை ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன்.

மகளின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. இடது காதிலும் அப்பாவுக்குக் கேட்கிறது. அந்தச் சந்தோஷத்தோடு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு எனக்கு முன்னால் அவள் பின்னலும் கைப்பையின் வாரும்தான் இருந்தன. திரும்புவாள் என்று காத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டெஸ்ட் எடுக்கும் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், எதையோ திருப்பினாள், மறுபடி பார்த்தாள். என் கை பட்டன் மேலேயே இருந்தது. குருட்டாம்போக்கில் அழுத்தலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மகளின் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகு முடியவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், "முதல்லேர்ந்து எடுங்கம்மா. நான் அழுத்தினது முக்காவாசி பொய்," என்றேன்.

முதலிலிருந்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் வலது காதின் கோடு பாதியில் சரிந்தது, இடது காதின் கோடு ஆரம்பத்திலேயே கீழே போய்விட்டது. இரண்டு காதுக்கும் கேட்கும் மெஷின் வைக்கலாம், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். தொழிற்சாலையில் இரைச்சல் மெஷின் பக்கம் இனி நிற்கக் கூடாது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் அவர் உதட்டிலிருந்து படித்துக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் டோக்கனோடு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன், மகள் பின்னால் வந்தாள். பின்னாலிருந்து அவள் ஏதோ கேட்டது போல் இருந்தது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. இந்த மாதிரி சமயத்தில் "ம்ம்" என்று சொல்லித் தலையாட்டிவிட்டுப் போவது என் வழக்கம். வீட்டில் பாதி விஷயங்கள் என்னுடைய "ம்ம்" மேல்தான் நடந்திருக்கின்றன. நான் நின்றேன். நிற்பதற்கே எனக்கு உடம்பு கூசியது.

"நீ சொன்னது கேக்கலம்மா. முன்னாடி வந்து சொல்லு," என்றேன்.

அவள் முன்னால் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு பிரிய, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"கேக்கலன்னா இனிமே இப்படியே கேக்கணும். நான் போவட்டுமாப்பா?"

"போயிட்டு வாம்மா," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது, வரிசையில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.